துணைக்கு வந்தவர்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைத் தனியாகப் பார்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. எப்போது பார்த்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும். கண் ஆபரேஷனுக்கு மதுரை போகும் ஒரு பெரியம்மா, சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக விழுந்துவிட்ட ஒரு கல்லூரி மாணவன், ஆட்டுச் சந்தைக்குப் போகும் ஒருத்தர், பெண் பார்க்கப் போகும் ஒரு குடும்பம் என்று நாளுக்கு நாள் ஆள் மாறும். அவருக்கு அந்தப் பயணங்களில் சொந்த வேலை எதுவும் இருக்காது. துணைக்குப் போவார். துணைக்குப் போய்விட்டு வருவார்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் மல்லியும் சோளமும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலமும் விளைகிற ஊர். யாராவது பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் அவர் "எங்க?" என்று கேட்பார். பதில் எதுவாக இருந்தாலும் அடுத்து அவர் சொல்வது ஒன்றுதான்.

"இருங்க, சட்டைய மாத்திட்டு வாரேன்."

அவர் மெக்கானிக்கல் எஞ்சினியர். அந்தப் படிப்பே துணைக்குப் போய் வாங்கியதுதான். பிளஸ் டூ முடித்த கூட்டாளி ஒருவன் எஞ்சினியரிங் சேரப் போனபோது இவரும் கூடப் போயிருக்கிறார். கல்லூரி ஆபீசில் இருந்தவர், "நீ என்ன மார்க்குப்பா?" என்று சும்மா கேட்டிருக்கிறார். சொன்னார். கூட்டாளியை விட அதிகம். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குச் சலுகை உண்டு என்று சொல்லி அங்கேயே உட்கார வைத்து எழுதச் சொல்லிவிட்டார்கள். கூட்டாளி ஒரே மாதத்தில் கல்லூரியை விட்டு ஓடிப் போலீஸ் வேலைக்குத் தயாராகப் போய்விட்டான். துணைக்குப் போனவர் படித்து முடித்துவிட்டார்.

எனக்கு அவர் ஒரு வருஷம் சீனியர். நான் எலக்ட்ரிகல். எங்கள் அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் உரக்கடை. அப்பாவை அவர் அண்ணாச்சி என்பார். அவரை நான் அண்ணே என்பேன். அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. உறவுமுறைப்படி பார்த்தால் எங்கள் மூன்று பேரில் யாருக்கு யார் என்ன ஆக வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

அப்பாவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது ஒரு சிறுநீரகக் கல்லால். கடையில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உர மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். மருந்தடிக்கும் மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஒருவரோடு துணைக்கு வந்திருந்த அவர், அந்த ஆளை விட்டுவிட்டு அப்பாவோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் அப்பா இருந்த நாள் முழுக்கக் கூடவே இருந்திருக்கிறார். டாக்டர் சொல்வதை, வலி தனக்குத்தான் என்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாராம். டாக்டர் போனதும் நம் பேச்சில் திருப்பிச் சொல்வாராம்.

"அவன் ஒரு தடவை கூட பயப்படாதீங்கன்னு சொல்லலை. அதுவே பெரிய நிம்மதி" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும்.

அது உண்மை. நான் பின்னால் நிறையத் தடவை பார்த்தேன். தைரியம் சொல்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "பயமா இருக்கா?" என்று கேட்பார். ஆமாம் என்றால், "இருக்கும்" என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க மாட்டார். காலைப் பஸ்ஸில் மதுரைக்குப் போனால் வலப்பக்கம் வெயில் விழும் என்று இடப்பக்கச் சீட்டைப் பிடித்து வைப்பார். ஜன்னலோரத்தை நமக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய துணை.

நான் படித்து முடித்த வருஷம் எங்கள் பக்கத்தில் எலக்ட்ரிகல் படித்தவர்களுக்கு இருந்த வேலை, திருச்சுழிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சோலார் தகடு பதித்திருந்த காட்டில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து மீட்டர் பார்ப்பது. அதுவும் பெண்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மதுரையில் ஒரு லாட்ஜில் வளைகுடாக் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூ நடந்தது. அப்பா, "தனியா போகக் கூடாது, அவன் வந்தா போ" என்றார். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

உள்ளே இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டக்கூட இல்லை.

"அனுபவம் எத்தனை வருஷம்?"

"இப்பத்தான் சார் முடிச்சேன்."

"அனுபவத்தோட வாங்கம்மா."

"வேலை குடுத்தாத்தான சார் அனுபவம் வரும்?"

"அடுத்த ஆளு" என்றார் அவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழவில்லை. ஆனால் பாதி வழி வரை வாயைத் திறக்கவும் இல்லை. காரியாபட்டி தாண்டியதும் அவர் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அனுபவம் கேக்காத ஊரு எதுவும் இருக்குமா?" என்று கேட்டார். எனக்குச் சொல்வதற்காகக் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

இருந்தது. என் கல்லூரியில் படித்த அக்கா ஒருத்தி ஜப்பானில் வேலை பார்த்தாள். போனில் விசாரித்தேன். புதிதாகப் படித்து வந்தவர்களைத்தான் அங்கே விரும்பி எடுக்கிறார்கள், வேலையைத் தாங்களே கற்றுக்கொடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் பாஷை தெரிந்திருக்க வேண்டும் என்றாள். மதுரையில் சனி, ஞாயிறு வகுப்பு நடத்தும் ஒரு டீச்சரின் பெயரையும் சொன்னாள்.

அப்பா வழக்கம் போல ஒரே நிபந்தனைதான் போட்டார். வாரா வாரம் அவர் சட்டை மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

டீச்சர் மதுரைக்காரர். கணவரோடு ஜப்பானில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். எல்லாரும் அவரை ஜப்பானிய வழக்கப்படி சென்செய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டு மாடியில் வகுப்பு. அண்ணன் கீழே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில் நிற்பார். மதியம் நிழல் நகர நகர அவரும் நகர்வார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ சென்செய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"அது யாரு, காலையில இருந்து மரத்தைச் சுத்திக்கிட்டே இருக்காரு?"

"எங்க அண்ணன். துணைக்கு வந்திருக்காரு."

"வெயில்ல நிக்காம உள்ள வந்து உட்காரச் சொல்லும்மா. எனக்குப் பாக்கவே தலை சுத்துது."

அவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். எழுதத் தாள் இல்லாததால் அவர் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சென்செய் "இஷ்ஷோ நி" என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார். கூட, சேர்ந்து என்று அர்த்தம். தங்கச்சியோடு சேர்ந்து வந்தேன் என்பதை ஜப்பானிய மொழியில் "இமோத்தோ தோ இஷ்ஷோ நி கிமாஷ்தா" என்று சொல்வார்கள் என்று விளக்கினார். தங்கச்சி, ஓடு, சேர்ந்து, வந்தேன். தமிழில் எந்த வரிசையோ அதே வரிசை.

கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. "அட, நம்ம பேசுற மாதிரியேல்ல பேசுறாக."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றதும் அவர், "அருப்புக்கோட்டை மதே, ஃபுத்தாரி" என்றார். அருப்புக்கோட்டை வரைக்கும், ரெண்டு பேர்.

"என்னய்யா சொல்ற?"

"ரெண்டு அருப்புக்கோட்டைண்ணே."

"அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான."

"மொதல்ல அதைத்தாண்ணே சொன்னேன்."

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. துணைக்குப் போகிற இடமெல்லாம் பாஷையும் கூடப் போனது. பல் பிடுங்கப் போன பக்கத்து வீட்டுக்காரரை, ஜப்பானிய மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக்கொண்டே நாற்காலியில் உட்கார வைத்தார். ஆஸ்பத்திரி வரிசையிலும் தாலுகா ஆபீஸ் வராந்தாவிலும் காத்திருக்கிற நேரம் முழுவதையும் அவர் படிக்கிற நேரமாக்கிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் காத்திருக்கிற நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. அவருடைய அம்மா நூற்பாலையில் வேலை பார்ப்பவர். ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, எம்மவன் தூக்கத்துல என்னமோ பேசுறான். திருநீறு போடவா?" என்று கேட்டார். அப்பா, "அது ஜப்பான் பாஷைம்மா" என்றார். "அதுக்கு என்ன போடணும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

மொழித் தேர்வு சென்னையில். என் அம்மாவும் வந்தார். என் பெயரைப் பதியும்போதே அவர் பெயரையும் பதிந்துவிட்டேன். "வெளியில உட்கார்றதுக்கு உள்ள உட்காருங்கண்ணே, ஃபேன் இருக்கும்" என்று சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் பாஸ். அவருடைய மார்க் என்னுடையதை விட நல்லாவே கூட. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது.

கொஞ்ச நாளில் ஜப்பானிய இயந்திரக் கம்பெனி ஒன்று புதிய பட்டதாரிகளை எடுக்கச் சென்னைக்கு வந்தது. சாப்பாட்டுப் பொருட்களைப் பொட்டலம் போடும் மெஷின் செய்கிறவர்கள். சென்செய் எங்கள் இருவர் பெயரையும் அனுப்பினார். இந்தத் தடவையும் அம்மா கூட வந்தார். தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கினோம்.

இன்டர்வியூ ஒரு ஹோட்டல் ஹாலில். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கழுத்துப்பட்டையை முதல் தடவையாகக் கட்டியிருந்தார்கள். அண்ணன் சுற்றிப் பார்த்தார். ஒருவனுக்குக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டார். ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒருவன் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் அவன் பக்கத்தில் போய் உட்கார்வதைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தபோது இரண்டு பேரையும் காணோம்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். நான் வராந்தாவில் ஓடினேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று, "அண்ணே, உங்களக் கூப்பிடுறாக" என்று கத்தினேன்.

"இவருக்கு வாந்தி நிக்கலை. முடிஞ்சதும் வாரேன்."

"அண்ணே, வாய்ப்புப் போயிரும்."

"நீ போயி அவுககிட்டச் சொல்லு. இவரையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

நான் போய் வாசலில் இருந்த பெண்ணிடம் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, அண்ணன் கூட இருக்கிறார். அவள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து, கடைசியாக வரட்டும் என்றாள்.

என் முறை வந்தது. நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். எதற்கு ஜப்பானுக்கு வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். தொழில்நுட்பம், ஒழுங்கு, உலகத் தரம் என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு ஜப்பானியர்களும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் அதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்களோ.

அவர் உள்ளே போனபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். அதே கேள்வி. அதே நிதானமான குரலில் அவர் பதில் சொல்வது கேட்டது. தங்கச்சியோடு சேர்ந்து வந்தேன்.  உள்ளே சிரிப்புச் சத்தம். வேலையில் பிரச்சினை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். வேலை தெரிந்த ஆளோடு போய் நின்று பார்ப்பேன், பார்த்த பிறகு வேலை தெரியாத ஆளோடு போய் நிற்பேன் என்றார்.

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை என்றால் யாரும் நம்பப் போவதில்லை. அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுநாள் அவர் கடைக்கு வந்து அப்பாவிடம் பேசியதை அப்பா வந்து சொன்னார்.

"அண்ணாச்சி, நான் போகலை."

"ஏப்பா, கெடச்ச வேலைய விடுறதா? உனக்கென்ன கிறுக்கா?"

"அது தங்கச்சிக்குப் பாத்த வேலை. நான் கூடப் போனேன், அவ்வளவுதான். அவுகளுக்கு இல்லைன்னா நான் எதுக்குப் போறேன்?"

 அப்பா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவருடைய அம்மா வந்தார். மில்லிலிருந்து நேராக வந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தாயி, நீ சொன்னா கேப்பான். அவன் தனக்குன்னு ஒரு எடத்துக்குப் போயி நான் பாத்ததில்ல. எல்லாத்துக்கும் கூடப் போறான். என்னைய மட்டும் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல, பஸ்ஸு ஏறுனா எனக்கு வாந்தி வந்துரும்." கொஞ்ச நேரம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவுக அப்பா வேலைக்குன்னு ஒத்தையிலதான் வெளியூரு போனாரு. எங்க இருக்காருன்னே தெரியல. இவனுக்கு அப்ப நாலு வயசு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, தாயி. நீ சொல்லிப் பாரு."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. காலையில் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் முதியோர் பணம் நின்றுபோன ஒரு தாத்தா. திருச்சுழி தாலுகா ஆபீசுக்காம். பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். நானும் ஏறினேன்.

"நீ எங்கம்மா?"

"உங்க கூடத்தான்."

அவருக்கு அது புதிது. என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலோரத்தை எனக்கு விட்டார். தாத்தா முன் சீட்டில் தூங்க ஆரம்பித்தார். வெளியே கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க போகணும்."

"தனியாவா?"

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கு விளங்கியது. என் வேலையை எடுத்துக்கொண்டோம் என்கிற கூச்சம் மட்டும் இல்லை அது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட ஒரு ஆளு இருந்தா அவுக பயத்தப் பாத்துக்கிட்டே போயிரலாம். எங்க வேணாலும் போயிரலாம். தனியா போனா என் பயத்த நான்தான பாக்கணும். அது எனக்குப் பழக்கமில்ல."

ஊருக்கே துணை போனவர் சொன்னது இது.  இரண்டு ஸ்டாப் தாண்டியது.

"நான் கூட வாரேன்" என்றேன்.

"ஜப்பானுக்கா?"

"ஏர்ப்போர்ட்டு வரைக்கும்."

அவர் யோசித்தார். ஏதோ பாதிப் பணம் கொடுத்தால் போதும் என்று சொன்ன மாதிரி அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஏரோப்ளேன்ல ஆளுக இருப்பாக. யாராச்சும் பயப்படாமலா இருப்பாக?"

முதல் தடவையாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சில மாதம் நான்தான் அவருக்குத் துணை. பாஸ்போர்ட்டுக்கு மதுரை, மருத்துவப் பரிசோதனைக்குத் திரும்பவும் மதுரை, பனியைத் தாங்குகிற சட்டை தேடி மதுரையில் ஏறி இறங்காத கடை இல்லை. நான் மோசமான துணை. வழியெல்லாம் பேசிக்கொண்டே இருப்பேன். தண்ணீர் எடுத்துப் போக மறப்பேன். வெயில் பக்கத்துச் சீட்டாகப் பார்த்து உட்கார வைப்பேன். அவர் பொறுமையாக வெயிலில் உட்கார்ந்து வந்தார்.

கிளம்புகிற வாரம் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. அப்பாதான் கேட்டார்.

"போறப்ப அவன் இருக்கான், சரி. வாரப்ப இவ யாரு கூட வருவா?"

அப்பாவுக்குக் கடையை விட்டு வர முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. நான் ஏதாவது சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அவளே வருவா."



அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு அவருடைய அம்மா வந்திருந்தார். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் பஞ்சில்லாமல், புதுச் சேலையில். மதுரை பஸ்ஸில் நாங்கள் ஏறியதும் அவரும் ஏறினார். மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குப் பக்கென்றது. அவர் வருவதாக இல்லை. பஸ் கிளம்புகிற வரைக்கும் மகனோடு உட்கார்ந்திருக்க ஏறியிருக்கிறார். எதுவும் பேசவில்லை. மகன் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஏறி எஞ்சினைப் போட்டதும் எழுந்தார்.

"சாப்புடு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பஸ் திரும்புகிற வரை அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிய பிறகும் பார்க்கவில்லை. காரியாபட்டி வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஒருநாள் நான் நல்ல துணையாக இருந்தேன்.

மதுரையில் ரயில் ஏறி, சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலை விமான நிலையம் போனோம். பயணிகளைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் என் பக்கம் கையைக் காட்டித் தடுத்தபோது அண்ணன் நின்றுவிட்டார். பின்னால் வரிசை நின்றது. ஓரமாக ஒதுங்கினோம்.

"நீ எப்படிப் போவ?" என்று கேட்டார். அவர் நாலாயிரம் மைலோ என்னவோ போகப் போகிறார். கேட்பது என்னை.

"மதியம் ரயிலு இருக்குண்ணே."

"யாரு கூட?"

"சித்தி மகனை அனுப்புறேன்னு சொன்னாக. வேணாம்னுட்டேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு?"

 அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. எனக்குத் தைரியம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"இருக்கும்ணே" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தள்ளுவண்டியில் பெரிய பெட்டிகளை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் ஒரு வயதான தம்பதி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்கள் பக்கம் நடந்தார். எனக்கு நிம்மதியாகிவிட்டது.

ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போது அப்பா போன் செய்தார். விழுப்புரத்தில் செய்தார். திருச்சியில் செய்தார். ஒவ்வொரு தடவையும் "பக்கத்துல யாரு?" என்றுதான் ஆரம்பித்தார். பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தார், பிறகு ஒரு குடும்பம் இருந்தது, பிறகு யாருமே இல்லை. திண்டுக்கல் தாண்டியதும், "யாரும் இல்லப்பா, நல்லாருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. மதுரை ஸ்டேஷனில் வந்து நின்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

நான் தனியாக இன்டர்வியூவுக்குப் போக ஆரம்பித்தது அதன் பிறகுதான். மறு வருஷம், மின்சாரப் பெட்டிகள் செய்யும் வேறொரு ஜப்பானியக் கம்பெனி என்னை எடுத்தது. எதற்கு ஜப்பானுக்கு வருகிறீர்கள் என்று அவர்களும் கேட்டார்கள். அனுபவம் கேட்காத ஊர் என்பதால் என்றேன். அவர்கள் சிரித்தார்களா இல்லையா என்று கம்ப்யூட்டர் திரையில் சரியாகத் தெரியவில்லை.

அதற்குள் அவர் அங்கே பழைய ஆள் ஆகிவிட்டிருந்தார். அவர் இருந்த சிற்றூரில் வேலைக்கு வந்த தமிழர்கள், நேபாளிகள், வியட்நாம்காரர்கள் யாருக்குப் பல்வலி வந்தாலும், வாடகைக்கு வீடு பார்த்தாலும், நகராட்சி ஆபீசில் கூப்பிட்டாலும் அவரைத்தான் அழைத்துப் போனார்களாம். அவர் அம்மாவுக்கு வீடியோவில் பனியைக் காட்டினாராம். "மில்லுல பஞ்சு பறக்குற மாதிரியே இருக்கு" என்று அந்த அம்மா சொன்னாராம்.

என் டிக்கெட் வந்ததும் சொன்னேன். எந்த ஏர்ப்போர்ட், எத்தனை மணி, எந்த ரயில் மாறணும் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஆனா நீங்க வரக் கூடாதுண்ணே" என்றேன்.



"அன்னைக்கு எனக்கு லீவுதான்" என்றார்.

"தெரியும். நானே வந்து பாக்குறேன்."

"சரி" என்றார். அப்படியொரு சரியை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார்.

ஜப்பானில் வந்து இறங்கினேன்.  ஒரு ரயிலில் தப்பாக ஏறி, இறங்கி, ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் கேட்டு, சரியான ரயில் ஏறி, கம்பெனி விடுதிக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்ததும் அவருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டேண்ணே."

"வந்துட்டியா. சரிம்மா. சாப்டுட்டுப் படு" என்று வைத்துவிட்டார். வழியில் என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். கேட்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இப்போது நாங்கள் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. கம்பெனி அவரை வடக்கே பனி அதிகமாகக் கொட்டும் ஏதோ ஓர் ஊருக்கு மாற்றிவிட்டது. எனக்கும் என் வேலை. போன தைக்கு இங்கே இருக்கும் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் வைத்தபோது, அவரோடு முன்பு ஒரே அறையில் தங்கியிருந்த கோவில்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் என்னை யார் என்று தெரிந்துகொண்டதும், "நீங்கதானா அது?" என்றார்.

"எது?"

இங்கே வீட்டு வாசலில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். ஷூவை அங்கே கழற்றிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். நான் வந்து இறங்கிய அன்று காலையிலேயே அண்ணன் சட்டையை மாற்றி, ஷூவை மாட்டிக்கொண்டு, அந்தப் படியில் வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

"எங்கண்ணே கெளம்பிட்டீகன்னு கேட்டேன். எங்கயும் இல்லன்னாரு. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்டேன், இங்கயே குடுன்னாரு. போனைக் கையில வச்சுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்தாரு. போன் வந்துச்சு. பேசிட்டு வச்சாரு. அதுக்கப்புறந்தான்க்கா ஷூவக் கழட்டுனாரு."